ஆறு செல்லுக்கும் ஒரே தாகம்

அவளுடைய உடுப்புகளில் ஓட்டை விழாதது ஒன்றுகூட இல்லை. போட்டிருக்கும்போது தெரியாது. துவைத்துப் பிழியும்போதுதான் மிளகு மிளகாகத் துணி கையோடு வரும். பேட்டரி அமிலம் பட்ட அன்றைக்கு ஒன்றும் சொல்லாது.

தெருவில் அவளைப் பேட்டரிக்காரம்மா என்றார்கள். அவள் கணவரை டைனமோ என்றார்கள். முன்னறை கடை, பின்னறை வீடு. நடுவில் ஒரு கதவு. முன்னறையின் சுவரோரம் மரப்பலகை போட்டு, அதன்மேல் சார்ஜுக்கு வந்த பேட்டரிகளை வரிசையாக வைத்திருப்பாள். மூடிகளைத் திறந்து வைத்தால் உள்ளே சின்னச் சின்னதாகக் குமிழி விடும். அந்தக் குமிழியில் இருப்பது பற்றிக்கொள்ளும் வாயு. அதனால் நடுக்கதவை அவள் எப்போதும் சாத்திவைப்பாள். அடுப்பு அந்தப் பக்கம் இருந்தது. அவர் போகும்போதெல்லாம் திறந்துபோட்டுவிட்டுப் போவார்.

வேலை பிரிந்து கிடந்தது. வண்டிக்குள் இருக்கும் ஒயர் எல்லாம் அவருடையது. வண்டியைவிட்டுக் கீழே இறங்கிய பேட்டரி அவளுடையது. அமிலத்தின் கனம் பார்ப்பது, வடிநீர் ஊற்றுவது, ஈய முனைகளில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவுவது, எல்லாம் அவள்.

டைனமோ என்ற பேர் அவருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சோதனை. வண்டி சார்ஜ் ஏறவில்லை என்று யாராவது வந்தால் மீட்டரைத் தொடமாட்டார். எஞ்சினை ஓடவிடுவார். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் ஒயரைத் தளர்த்திக் கழற்றி, பாம்பைப் பிடித்ததுபோல் உயரத் தூக்கிக் காட்டுவார். எஞ்சின் நின்றுவிட்டால் டைனமோ போச்சு. ஓடிக்கொண்டே இருந்தால், "பாத்தியா? உசுரோட இருக்கான். எடுத்துட்டுப் போ" என்பார். முனையில் தெறிக்கும் நீலப்பொறியைப் பார்க்கவே பக்கத்து ஸ்டாண்ட் டிரைவர்கள் வந்து நிற்பார்கள். நாளடைவில் அவர்களே கழற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

பழைய டைனமோ வண்டிகளுக்கு அது ஒத்துப்போனது. இப்போது வருகிற வண்டிகளில் டைனமோ என்று வாயில்தான் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற சாமான் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்பு புது ரெகுலேட்டர் ஒன்றின் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றும் ஒரு கையை வரைந்து, அதன்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அட்டைப்பெட்டி எனக்குப் பாடம் எடுக்குதா?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளிலேயே கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார்.

அந்த வாரம் வெயில் கொடுமையாக இருந்தது. தகரக் கூரை காலை எட்டு மணிக்கே படபடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். காற்று அசையவில்லை. வியாழக்கிழமை காலை அவளுடைய தம்பி வண்டியோடு வந்தான். சொந்த டாக்ஸி. வாரத்துக்கு இரண்டு முறை மலைக்கு ஏறும் வண்டி.

"அக்கா, பேட்டரித் தண்ணி கொஞ்சம் பாரு. சர்வேயர் சார் வெயிட்டிங்கு. பத்து நிமிஷத்துல போகணும்."

"சாப்ட்டியா?"

"டீ குடிச்சேன்."

"டீ சாப்பாடாடா? முட்டை அவிச்சு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ."

"ஐயோ, முட்டைங்கற பேச்சே எடுக்காத. நேத்துலேர்ந்து வண்டிக்குள்ள அந்த நாத்தந்தான். சர்வேயர் என்னையே ஒரு மாதிரி பாக்கறாரு."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சர்வேயர் மடியில் கோப்புகளை அடுக்கிவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வண்டியில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, பெட்டி மூடியைத் திறந்தாள். முகத்தில் வெப்பம் அடித்தது. ஆறு மூடிகளையும் திருகி எடுத்து உள்ளே பார்த்தாள். திங்கட்கிழமைதான் அவள் கையால் விளிம்புவரை ஊற்றிவிட்டிருந்தாள். இப்போது ஆறிலும் தகடுகளின் தலை வெளியே தெரிந்தது.

ஒரு செல் மட்டும் வற்றியிருந்தால் அந்தச் செல் கெட்டது என்று அர்த்தம். ஆறும் ஒரே மட்டத்துக்கு வற்றியிருந்தால் பேட்டரிமேல் குற்றமில்லை. யாரோ அதைக் கொதிக்கவைக்கிறார்கள்.

முழு பாட்டில் தண்ணீர் போனது.

"மூணு நாள்ல ஒரு பாட்டிலா?" என்றாள்.

"வெயில்க்கா. எனக்கே ஒரு நாளைக்கு நாலு பாட்டில் ஆவுது."

"எஞ்சினைப் போடு. கொஞ்சம் ரேஸ் கொடு."

அவள் மீட்டரை எடுத்துவந்து இரண்டு முனையிலும் வைத்தாள். பதினான்குக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய எண் பதினைந்தைத் தாண்டியது. பதினாறைத் தாண்டியது. பதினாறு புள்ளி எட்டில் நின்று துடித்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

டைனமோ ஒரு ஹெட்லைட்டைப் பிரித்துப்போட்டபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மீட்டரை வாங்கி, வண்டியைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்தார். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பேட்டரிப் படம் மங்கலாகத் தெரிந்தது.

"இதுல போட்டிருக்கற பேட்டரியே செத்துக்கிடக்கு. அது வீக்கானா மீட்டர் ஏத்திக் காட்டும். இது தெரியாதா உனக்கு?"

தெரியும். அது உண்மையும்கூட.

"ஆறு செல்லும் ஒண்ணா வத்தியிருக்கு."

"வெயிலு."

"கொதிச்ச வாடை வருது. அவன் சொன்ன முட்டை நாத்தம் இதுதான்."

"திங்கக்கிழமை பெல்ட்டு மாத்தினப்ப நான்தானே பாத்தேன்? ஒயரைக் கழட்டிட்டு நின்னேன், எஞ்சின் அசையலை. நல்ல டைனமோ. அவனைப் போகவிடு, பொழப்பு கெடுது."

"சாயங்காலம்வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்."

சர்வேயர் கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, மலையில எனக்காக எட்டுப் பேர் வெயில்ல நிக்கறாங்க. பாதி பேருக்கு மத்த பாதி பேர் மேல கோவம். நான் போகலேன்னா வேலிக் கம்பியைப் பிடுங்கி அடிச்சுக்குவாங்க."

தம்பி சீட்டை அழுத்திப் பொருத்தினான். "எதாச்சும்னா நானே பாத்துக்கறேன்க்கா. மாமா வித்தை எனக்குத் தெரியாததா?" என்று பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து விரலில் சுழற்றிக் காட்டினான். அவருக்குச் சிரிப்பு வந்தது. முதுகில் தட்டி அனுப்பினார்.

வண்டி போனபிறகும் அந்த வாடை வாசலில் நின்றது.

அவள் பலகைமேல் இருந்த பேட்டரிகளுக்கு வேலை பார்த்தாள். கை வேலை செய்தது. மனசு அந்த எண்ணிலேயே கிடந்தது. வண்டியின் சார்ஜ் வேலையை அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாகத்தான் நினைத்துவைத்திருந்தாள். டைனமோ மோட்டார். பேட்டரி தொட்டி. ரெகுலேட்டர், தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்கிற மிதவை. மிதவை கெட்டால் மோட்டார் நிற்காது, இறைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீராக இருந்தால் வழிந்து தெருவுக்கு ஓடும், பார்ப்பவர்கள் சத்தம் போடுவார்கள். மின்சாரம் வழிந்தால் தெரியாது. பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீரை வாயுவாக உடைத்துக்கொண்டே இருக்கும். அந்த வாயு சீட்டுக்கு அடியில் சேரும்.

பதினோரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு எதிரே இருந்த ரேடியோ கடைக்குப் போனாள்.

"மீட்டருக்குப் போடற சதுர பேட்டரி இருக்கா?"

"என்னம்மா இது, பேட்டரிக்காரம்மாவே பேட்டரி வாங்க வந்தா ஊர் எப்படி உருப்படும்?" என்றார் ரேடியோக்காரர். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தவள் அதை உடனே மாற்றவில்லை. பழைய பேட்டரியோடேயே மீட்டரை எடுத்து, நேற்று முழுதாக ஏற்றி ஆறவைத்திருந்த புதுப் பேட்டரி ஒன்றின்மேல் வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்பது. பிறகு மீட்டரைத் திறந்து சதுர பேட்டரியை மாற்றினாள். அதே பேட்டரிமேல் மறுபடி வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு.

மூன்றே புள்ளி. மீட்டர் பொய் சொன்னது அவ்வளவுதான். தம்பியின் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கழித்தாலும் பதினாறுக்குக் கீழே வராது.

அவள் மீட்டரோடு கணவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு எண்களையும் சொன்னாள். மறுபடி வைத்துக் காட்டினாள். அவர் ஹெட்லைட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப ரெகுலேட்டர் போயிருக்கு" என்றார் மெதுவாக. "எப்படிப் போச்சு? திங்கக்கிழமை நல்லாத்தானே..."

அவர் நிறுத்தினார். திங்கட்கிழமை தூக்கிப் பிடித்த ஒயர் இரண்டு பேர் கண்ணிலும் நின்றது. ஓடுகிற டைனமோவிலிருந்து வருவதையெல்லாம் மெத்தை மாதிரி வாங்கிக்கொள்வது பேட்டரி. அதைத் திடீரென்று உருவினால் அத்தனை வேகமும் போக இடமில்லாமல் ஒரு கண் சிமிட்டலில் எகிறும். முதலில் சாவது ரெகுலேட்டர். சிலது வேலை செய்யாமல் சாகும். சிலது நிறுத்தத் தெரியாமல் சாகும். எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

"போன் போடு" என்றார். "வண்டியை எங்கயாச்சும் ஓரங்கட்டச் சொல்லு. நான் பைக்கில போய் மாத்திக் கொடுக்கறேன்."

மணி அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். மலைப்பாதையில் பாதிக்குமேல் அப்படித்தான்.

"பேட்டரி வீணாப் போகும், அவ்வளவுதான்" என்றார் அவர். "பல்பு ரெண்டு போகும். வேற ஒண்ணும் ஆகாது."

"பல்பு போனா அவன் என்ன செய்வான்?"

"நிறுத்திப் பாப்பான்."

"என்ன பாப்பான்?"

அவருடைய வலதுகை விரல்கள் தாமாகவே ஸ்பேனரைத் திருகுவதுபோல் ஒருமுறை அசைந்து நின்றன. தம்பி சீட்டைத் தூக்குவான். எஞ்சினை ஓடவிடுவான். கொதிக்கிற பேட்டரியின்மேல், வாயு கட்டிநிற்கிற பெட்டிக்குள் முகத்தைக் குனிந்து மைனஸ் ஒயரைக் கழற்றுவான். பொறி தெறிக்கும்.

அவள் போனை விடாமல் அழுத்தினாள். எட்டாவது முறை. ஒன்பதாவது முறை. அவர் ரெகுலேட்டரைத் தேடிப் பெட்டிகளைக் கவிழ்த்தார். எது எந்தப் பெட்டி என்று அவருக்கே அன்றைக்குத் தெரியவில்லை. பின்னறையில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

பதினான்காவது முறை மணி அடித்தது. நீளமாக அடித்தது.

"ஹலோ?" தம்பியின் குரல் இல்லை.

"யாரு? சர்வேயர் சாரா? தம்பி எங்க சார்?"

"அதை ஏன் கேக்கறீங்க? ரேடியோ புகைஞ்சுபோச்சு. முன்னாடி லைட்டெல்லாம் பட்டுபட்டுனு போச்சு. உங்க தம்பி நடுரோட்டுல பின் சீட்டைத் தூக்கி வெளிய வச்சுட்டாரு. என் ஃபைலெல்லாம் புல்லுல கிடக்கு."

"எஞ்சின் ஓடுதா சார்?"

"ஓடுது. நிறுத்தக்கூடாதாம்."

"சார், கையை நீட்டி சாவியைத் திருப்புங்க. எஞ்சினை நிறுத்துங்க சார்."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா."

"ஓட்டவேண்டாம் சார்! நிறுத்தத்தான் சொல்றேன்!"

"எந்தப் பக்கம் திருப்பணும்? நான் வெளிய நிக்கறேன்... இருங்க, அவர்கிட்டயே தரேன். தம்பி! உங்க அக்கா. என்னமோ கத்தறாங்க."

எஞ்சின் சத்தம் போனில் பெரிதானது. அதற்கு நடுவே தம்பி பேசினான். "அக்கா, ஒரு நிமிஷம். ஸ்பேனர் போட்டுட்டேன். கழட்டிப் பாத்துட்டு நானே கூப்பிடறேன்."

"கழட்டாத! கையை எடு! எஞ்சினை நிறுத்து முதல்ல!"

"நிறுத்தினா எப்படிக்கா தெரியும்? ஓடும்போது கழட்டினாத்தானே டைனமோ இருக்கா இல்லையான்னு..."

"பேட்டரி கொதிக்குதுடா. சத்தம் கேக்கலையா உனக்கு?"

"உஸ்ஸுனு கேக்குது. அதான் பாக்கறேன்."

"பொறி விழுந்தா வெடிச்சுரும். கண்ணு போயிரும். நான் சொல்றதைக் கேளு."

"மாமா ஆயிரம் தடவை கழட்டியிருக்காரு. எந்தக் கண்ணு போச்சு? நீ காலையிலேர்ந்தே அந்த ஓட்டை மீட்டரை வச்சுக்கிட்டு... மாமா இருந்தா அவர்கிட்ட கொடு. அவர் வேணாம்னு சொல்லட்டும்."

அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கினார். காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். பேட்டரி வாங்க வந்த யாரோ ஒரு ஆள் அங்கே நின்றிருந்தார். அந்த ஆளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, அதைத் தொடாத."

"ஏன் மாமா?"

"சொன்னா கேளேன்."

"நீங்கதானே திங்கக்கிழமை கழட்டிப் பாத்தீங்க? நல்லாயிருக்குன்னீங்க. இப்ப ஒரே நிமிஷம். லூசாயிருச்சு, தூக்க வேண்டியதுதான்."

டைனமோ வாசலில் நின்ற ஆளை மறுபடி பார்த்தார். அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"நான் கழட்டினதுலதான்டா போச்சு!" என்று கத்தினார். வாசலில் நின்ற ஆள் ஒரு அடி பின்வாங்கினார். "அன்னைக்கு நான்தான் அதைக் கொன்னேன். கேக்குதா? அது சோதனையே இல்லை. நான் செஞ்சது தப்பு. இத்தனை வருஷமா செஞ்சது தப்பு. உங்க அக்கா சொல்றதுதான் சரி. கையை எடுடா. என்னை அப்பாவா நினைச்சுக் கேளு, கையை எடு."

போனில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, வெளையாடலையே?"

"சாவியைத் திருப்பு."

சரளைக்கல்லில் யாரோ நடக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு எஞ்சின் நின்றது. அந்தப் பக்கம் ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால், மிகவும் மெல்லிசாக, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல் ஒரு சத்தம்.

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எல்லாக் கதவையும் திறந்து போடு. பக்கத்துல நிக்காத. சர்வேயரையும் தள்ளிக் கூட்டிட்டுப் போ. அவர் சிகரெட் பிடிப்பாரா? பிடிக்கவேண்டாம்னு சொல்லு. ஒரு மணி நேரத்துக்கு வண்டிப் பக்கமே போகாத. மாமா வராரு."

"சரிக்கா. பெட்டி உப்பியிருக்குக்கா. பக்கமெல்லாம் உருண்டுபோய்... நான் அதுமேலதான் குனிஞ்சிருந்தேன்."

"பரவால்ல. தள்ளி நில்லு."

"அக்கா."

"சொல்லு."

"ஸ்டாண்டுல எல்லாரும் இப்படித்தான் பாக்கறானுங்க. மாமாகிட்ட பாத்துட்டு. நேத்துகூட ஹாரன் அண்ணன்..." தொடர்பு அறுந்தது.

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஹாரன் என்பது ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கும் டிரைவர். காரணமில்லாமல் ஹாரன் அடிப்பதால் அந்தப் பேர். முந்தாநாள் அவருடைய வண்டிக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். என்ன அண்ணே இப்படிக் குடிக்குது என்று கேட்டதும், முதலாளி மாதிரிதான் வண்டியும் என்று அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அப்போது வேறு யோசனையில் இருந்தாள். இப்போது அந்த ஆறு வாய்களையும் மனசுக்குள் திறந்து பார்த்தாள். ஆறும் ஒரே மட்டத்தில் வற்றியிருந்தன.

"ஹாரன் வண்டியை நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

"போன வாரம். ஏன்?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். அவர் செருப்புப் போடவில்லை. தார் கொதித்தது. ஸ்டாண்ட் மூலை திரும்பினால் வந்துவிடும். எட்டு வண்டிகள் வேப்பமர நிழலுக்கு முட்டிமோதிக்கொண்டு நின்றன. பாதி வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு ஏசி போட்டுக்கொண்டு டிரைவர்கள் உள்ளே சாய்ந்திருந்தார்கள். எஞ்சின் ஓட, கடைசி வண்டியின் பானெட் திறந்திருந்தது. அதற்கு அடியில் ஹாரனின் முதுகு மட்டும் தெரிந்தது. சுற்றி மூன்று பேர் எட்டிப்பார்த்தபடி நின்றார்கள்.

"கழட்டாதீங்க!" என்று அவள் ஓடிக்கொண்டே கத்தினாள். எஞ்சின்களின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"டேய்! கையை எடுங்கடா!" என்றார் அவர்.

நின்றவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, டைனமோவே வந்துட்டாரு! சரியான நேரத்துக்கு வந்தீங்க, வந்து பாருங்க!" என்று வழிவிட்டான். ஹாரன் பானெட்டுக்கு அடியிலிருந்து தலையை நிமிர்த்தினார். வெறுங்காலோடு ஓடிவரும் அவரைப் பார்த்துச் சிரித்தார். ஒரு நிமிஷம், இதோ முடிஞ்சுது என்று ஸ்பேனர் பிடித்த கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடி குனிந்தார்.